பவுடர் போட்ட இன்ஜின்

வா மருமவனே, வா. மூஞ்சி பூரா கரியா இருக்கே, இன்ஜின் பாத்துட்டு வாரியா, கரிமூட்டம் போட்டுட்டு வாரியா? இரு, நீ சொல்லாத, நானே சொல்லுதேன். ஃப்ளைவீல் கவருக்கு அடியில ஆயில் சொட்டுது. பின்பக்க ஆயில் சீல் போச்சுன்னு உன் மெக்கானிக் சொல்லிட்டான். கியர்பாக்ஸைக் கழட்டி, ஃப்ளைவீலைக் கழட்டி, மூணாவது சீலும் போட்டாச்சு. கட்டிக்கொடுத்த மகளுக்குக்கூட இத்தனை தடவ சீர் செய்ய மாட்டான் ஒருத்தன்.

ஏப்ரல் 15-ல போட்டைக் கட்டினோம். ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், முழுசா 61 நாளு. நான் ஓட்டுன காலத்துல 45 நாள்தான், 2017-லதான கூட்டினாங்க. அந்த 45 நாளுக்குள்ள இன்ஜினை இறக்கி, போர் பண்ணி, ரிங் மாத்தி, திரும்ப ஏத்தி, மிச்ச நாளுக்குச் சீட்டும் ஆடினோம். உனக்கு 61 பத்தல. இன்ஜின் மட்டும் பச்சைப் பெயிண்ட்டுல புதுப்பொண்ணு கணக்கா மினுங்குது. காலுக்கடியில ஆயில் குளம்.

ஒண்ணு கேக்கேன். நம்ம போட்டுல இன்ஜின் லாரியில மாதிரியா உக்காந்திருக்கு? புரொப்பல்லர் தண்ணிக்குள்ள இறங்கணும்னு ஷாஃப்ட் சரிவா போவும். அதுக்குத் தக்கன இன்ஜினும் பின்னால சாஞ்சிதான் இருக்கும். மேல டேப்பட் கவர் பேக்கிங் விட்டாலும், பக்கத்துல ஆயில் பிரஷர் சுவிட்ச் வேர்த்தாலும், பிளாக் ஓரமா ஊர்ந்து ஊர்ந்து ஃப்ளைவீல் மூலையிலதான் வந்து சொட்டும். நம்ம ஓட்டு வீட்டுல மழை பெஞ்சா அடுப்படியில ஒழுகும். ஓடு உடஞ்சிருக்கது திண்ணைப் பக்கம். தண்ணி கைமரத்தைப் புடிச்சி நடந்து வந்துரும். நீ அடுப்பங்கரை ஓட்டையே மூணு தடவ மாத்தியிருக்க.

மொதல்ல அது ஆயில்தானா? நியூஸ்பேப்பர்ல ஒரு சொட்டு வச்சிப் பாரு. டீசலா இருந்தா சட்டுனு படந்துரும், ஆயில் அங்கனயே குந்தியிருக்கும். டீசல் பம்புல கசிஞ்சி அடியில இருக்க ஆயில் சம்புக்குள்ள இறங்குச்சுன்னா ஆயில் மட்டம் குறையாது, கூடும். அதைப் பாத்துட்டு, “எங்க இன்ஜின் ஆயிலே குடிக்காது”ன்னு ஹார்பர் பூரா பெருமை பேசுனவன் ஒருத்தன் உண்டு. பேரு சொல்ல மாட்டேன், உங்க அப்பன் கோவிச்சுக்கிடுவான்.

இன்னொண்ணு, கீழ ஒரு சொட்டும் இல்லாம ஆயில் மட்டும் குறைஞ்சா கூலரைப் பாரு. கூலிங் தண்ணி வெளிய விழுற எடத்துல வானவில் மிதக்கும். உனக்கு அது இல்ல, விடு.

இப்ப இன்ஜினைத் துடை. டீசல் தொட்டுக் கழுவி, துடைச்சி, நல்லா காய விடு. பொறவு உன் பொண்டாட்டியோட பவுடர் டப்பாவை எடுத்துட்டு வந்து மேலேருந்து கீழ தூவு. சாயங்காலத்துக்குள்ள புது டப்பா வாங்கிக் குடுத்துரு, அந்தக் கசிவுக்கு எங்கிட்ட மருந்து கிடையாது. ஸ்டார்ட் பண்ணி ஆயில் சூடாவட்டும். டார்ச் அடிச்சி மேலேருந்து பாரு, கீழேருந்து இல்ல. வெள்ளையில மொத ஈரம் எங்க தெரியுதோ, அங்கதான் கள்ளன். பெல்ட் பக்கம் போவும்போது சாரத்தை இறுக்கிக் கட்டு. எனக்கு ஏற்கெனவே ஒரு சாரம் குறையுது. நீலக்கட்டம். கொடியில கிடந்தது, நீ பெயிண்ட் அடிச்ச அன்னைக்கேருந்து காணல.

கள்ளனைக் கண்டுட்டேன்னு போல்ட்டைப் பேய் முறுக்கு முறுக்காத. சம்பு வெறும் தகடு, முறுக்க முறுக்க ஓரம் வளைஞ்சி பேக்கிங் பிதுங்கிரும். பேஸ்ட்டையும் தோசை மாவு மாதிரி அப்பாத. வெளிய பிதுங்குனது உன் கண்ணுக்குத் தெரியும். உள்ள பிதுங்குனது பிஞ்சி விழுந்து, ஆயில் இழுக்குற வடிகட்டியிலதான் போயி அப்பும்.

ஆனா பவுடர் ஒரு எடம்னு இல்லாம அங்கயும் நனையுது இங்கயும் நனையுதுன்னா, சீல் பாவம், அதைத் திட்டாத. ரிங்கைத் தாண்டி கொஞ்சம் புகை கீழ இறங்கத்தான் செய்யும். புது ரிங்கு படியுறவரைக்கும் கூடவே இறங்கும். அது வெளிய போவத்தான் பிரீத்தர் பைப் வச்சிருக்கான். அது அடைச்சிக்கிட்டா உள்ள அழுத்தம் ஏறி, இடுக்கு கண்ட எடத்துலயெல்லாம் ஆயிலைத் தள்ளும். பச்சப்பிள்ள மூக்கைப் பொத்திப் பாரு, வாயத் தொறக்குதா இல்லியான்னு.

வா, போயி பாப்போம். ம், ஓட விடு. ஆயில் ஊத்துற மூடியைத் தொற. அடேயப்பா, பரோட்டாக்கடை அடுப்பு கணக்கா குப்புக்குப்புன்னுல்ல வருது! நிறுத்து, நிறுத்து. பிரீத்தர் பைப்பைக் கழட்டு. ஏல, பெயிண்ட் உள்ள போயிரக்கூடாதுன்னு துணி எதுவும் செருகுனியா? முழிக்காத. எடுத்தியா இல்லியா? சரி, விரலை விட்டு இழு. இழு, வருது பாரு. இன்னும் இழு.

ஆங். நீலக்கட்டம்.