பயனாளிப் புழுவின் சார்பில் ஒரு நன்றிக் கடிதம்

மேன்மை தங்கிய மாநகராட்சி சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

சந்தையில் கொத்தமல்லிக் கட்டு வாடாமல் இருக்க, சாக்கடையோரம் வைத்திருக்கும் பச்சை நிறத் தண்ணீரில் முக்கியெடுக்கிறார்கள் என்று குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். நேற்று கைபேசிக்குப் பதில் வந்தது: ‘மனுதாரர் கீரையைக் கழுவிச் சாப்பிட அறிவுறுத்தப்பட்டார். புகார் முடித்துவைக்கப்பட்டது.’ அதை என் மனைவி வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டுகிறார்.

தங்கள் நலத்திட்டங்களிலேயே இடைத்தரகர் இல்லாமல் நடப்பது இந்தச் சாக்கடைத் தண்ணீர்த் திட்டம் ஒன்றுதான். பயனாளி, உருண்டைப்புழு. குடும்ப அட்டை கேட்பதில்லை, வருமானச் சான்று கேட்பதில்லை. நேராகக் குடலில் குடியமர்த்திவிடுகிறீர்கள். பெண் பயனாளி ஒருவர் நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டை வரை இடுகிறார். மகப்பேறு நிதிக்கும் பரிந்துரைக்கலாம்.

கழுவினோம் ஐயா. உப்புப் போட்டோம், மஞ்சள் போட்டோம். முட்டை பசைபோல இலையில் ஒட்டிக்கொள்கிறது. குளோரினுக்கே அசராதது மஞ்சளுக்கு மசியுமா? கொதித்தால் சாகும். ஆனால் கொத்தமல்லிச் சட்னியையும் வெங்காயப் பச்சடியையும் யார் கொதிக்கவைக்கிறார்கள்?

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசியக் குடற்புழு நீக்க நாட்கள். பள்ளியில் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை. காலையில் பயனாளியை வெளியேற்றுகிறீர்கள், மாலையில் சந்தை வழியாக மறுகுடியமர்வு செய்கிறீர்கள். இப்படியொரு துரித சேவையை வேறெந்தத் துறையில் பார்க்க முடியும்!

பன்றி நாடாப்புழு என்றொரு பயனாளியும் உண்டு. மனித மலத்தில் வெளியேறும் அதன் முட்டை காய்கறியோடு வயிற்றுக்குள் போனால், புழுக்குஞ்சு மூளைவரை ஏறிக் கட்டியாகிறது. பன்றிக்கறியைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட அதனால் வலிப்பு வந்து விழுகிறார்கள். பள்ளிக்கூட வாசலில் வாயில் நுரை தள்ள ஒரு பிள்ளை கிடந்தால், அப்போதும் ‘கழுவிச் சாப்பிட அறிவுறுத்தப்பட்டது’ என்றுதான் எழுதுவீர்களா? வெட்கமாக இல்லை?

மன்னிக்கவும். தங்களைப் போன்ற கருணைக்கடலிடம் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது.

ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தைப் படித்த வேகத்தில் கீரைக்கார அம்மாவுக்கு அபராதம் போட்டுவிடாதீர்கள். அவரிடம் தினமும் சீட்டுக் கிழித்துச் சுங்கம் வாங்குகிறார்கள். அந்தக் காசுக்குச் சந்தையில் இருப்பது ஒரே குழாய். அதற்கும் திருகு இல்லை. யாரோ அதில் சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். கழிப்பறைக்குத் தாங்களே பூட்டுப் போட்டிருக்கிறீர்கள். சுமை இறக்குகிறவர்களும் கடைபோடுகிற பெண்களும் எங்கே போவார்கள் என்பதைச் சாக்கடையைப் பார்த்தாலே தெரியும். பயனாளி புறப்படும் இடமும் அதுதான்.

குழாயில் தண்ணீர் விடுங்கள். கழிப்பறையைத் திறந்துவிடுங்கள். சாக்கடைக்கு மூடி போடுங்கள். அதற்குப் பிறகு எங்களைக் கழுவச் சொல்லுங்கள், கழுவுகிறோம்.

இப்படிக்கு,
பயனாளிக்கு வாடகையில்லாமல் வீடு கொடுத்தவன்