மாப்ளே, தொட்டி தாராளமா வையுங்க!

மாப்ளே, தலைதீபாவளிச் சீரா மொட்டைமாடிக்கு ஒரு ஹாட் டப் கேட்டீங்கன்னு பொண்ணு சொல்லுச்சு. தாராளமா வையுங்க. மாப்ளை ஆசைப்பட்டதுக்கு மாமனாரு குறுக்க நின்னாருன்னு கீழ்க்கட்டளையில ஒரு பேச்சு வரக்கூடாது. நானும் நாலு எடத்துல விசாரிச்சுட்டேன். நல்ல சாமான்தான். பனி கொட்டற ஊர்ல 40 டிகிரி தண்ணியில கழுத்து வரைக்கும் முங்கிக் கெடந்தா சொர்க்கமாம். நம்ம ஊர்ல மார்கழி விடியக்காலையிலயே 20 டிகிரிக்குக் கீழ எறங்கறதுக்கு ரொம்ப யோசிக்கும். 2003 மே மாசம் சென்னையில 45 டிகிரி அடிச்சுது. அப்படி ஒரு நாள்ல நீங்க தொட்டிக்குள்ள எறங்கினா, சூட்டுக்கு எறங்கினாரா குளிர்ச்சிக்கு எறங்கினாரான்னு பார்க்கறவனுக்குக் கொழப்பம் வரும். வரட்டுமே, நமக்கு இன்னா!

சித்திரை மாசத்துல மத்தியானம் ரெண்டு மணிக்கு மாடி டேங்க் குழாயைத் தொறந்தா, கை பொத்துப்போற வெந்நீர் காசில்லாம வருது. ஹாட் டப்ல வர்ற மாதிரி அதுல குமிழி வராது. அது ஒரு கொறைதான், ஒத்துக்கறேன்.

அந்தக் குமிழியைக் கண்டுபுடிச்சது ஜக்கூஸி குடும்பம். இத்தாலியிலேர்ந்து அமெரிக்காவுக்குப் பொழைக்கப் போனவங்க. மொதல்ல ஏரோப்ளேனுக்குப் புரொப்பல்லர் செஞ்சாங்க, அப்புறம் கெணத்து பம்பு செஞ்சாங்க. அண்ணன் தம்பிங்கள்ல கடைக்குட்டி கேண்டிடோ. அவரு புள்ளைக்குச் சின்ன வயசுலயே மூட்டுவாதம். புள்ளை வலி தாங்காம அழுததைப் பார்த்து, குளிக்கற தொட்டிக்குள்ள முக்கற மாதிரி ஒரு பம்பு பண்ணினாரு. 1968-ல ராய் ஜக்கூஸிங்கற அடுத்த தலைமுறை ஆளு, ஜெட்டைத் தொட்டியோட சேர்த்தே பொருத்தி வித்தாரு. வலிக்கு மருந்தா பொறந்த சாமான் அது. உங்களுக்கு வலி இன்னும் வரல. தொட்டி வந்தப்புறம் வரும்.

எங்க வைக்கிறதுன்னு பார்ப்போம். மாடிதான் உங்களுக்குப் புடிச்ச எடம். மீனம்பாக்கத்துக்கு எறங்கற ப்ளேனை அண்ணாந்து பார்த்துக்கினே கெடக்கலாம். நாலு பேர் ஒக்கார்ற தொட்டிக்கு ஒரு 1,200 லிட்டர் தண்ணி புடிக்கும். அதாவது 1,200 கிலோ. வெறும் தொட்டி ஒரு 300 கிலோ. நீங்க, எம் பொண்ணு, உங்க அண்ணன், அண்ணி நாலு பேரும் சேர்ந்து 280 கிலோன்னு போட்டிருக்கேன். மாப்ளை எடையை மரியாதைக்குக் கொறைச்சுத்தான் எழுதினேன். கூட்டினா 1,780 கிலோ. ரெண்டு மீட்டருக்கு ரெண்டு மீட்டர் தொட்டின்னா, சதுர மீட்டருக்கு 445 கிலோ. ஆளு நடமாடற மொட்டைமாடிக்கு ஐ.எஸ். 875-னு இருக்கற இந்தியத் தரநிலை சொல்ற பாரம் 150 கிலோ. நீங்க எஞ்சினீயரிங் படிச்சவரு, மூணு மடங்குன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா? மாடியில எறங்கின ஆளு நேரா கீழ்வூட்டு சமையல்கட்டுல எறங்கலாம், படிக்கட்டு ஏறி எறங்கற வேலை மிச்சம். அது வேணாம்னா, ஸ்ட்ரக்சுரல் எஞ்சினீயர் ஒருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். இல்லேன்னா தரையில காங்கிரீட் மேடை போட்டு வையுங்க. கார் எங்க நிக்கும்னு கவலைப்படாதீங்க. அது பாட்டுக்குத் தெருவுல நிக்கும்.

தண்ணிக்கு இன்னா பஞ்சம்? 2019 கோடையில பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் காஞ்சு கெடந்தப்போ, லாரி ஹாரன் கேட்டா குடத்தைத் தூக்கிக்கினு ஓடினோம். அதெல்லாம் பழைய கதை. நகரத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு அரசாங்கக் கணக்கு. தொட்டித் தண்ணி ஒம்பது பேரோட ஒரு நாள் பாடு. மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா மாத்தினாப் போதும். நெசமாவே, இதுல தண்ணிச் செலவு பெரிசில்ல. தண்ணியோட கொணம்தான் பெரிசு. நம்ம போர் தண்ணியில பக்கெட்டு வெள்ளைப் படலம் கட்டறதைப் பார்க்கறீங்க. கீசர் காயில் உப்பு கட்டி வருசா வருசம் போறதும் தெரியும். தொட்டி ஹீட்டருக்கும் அதே கதிதான். சுண்ணாம்பு 150-லேர்ந்து 250 பி.பி.எம். வரைக்கும் இருந்தா அதுக்கு ஒத்துக்கும். நம்ம தண்ணி எத்தினின்னு மொதல்ல லேப்ல குடுத்துப் பாருங்க.

தொட்டி வாங்கறது கறவை மாடு வாங்கற மாதிரி, மாப்ளே. வெலை பேசற அன்னிக்கு ஒரு நாள் சந்தோசம், அப்புறம் தெனமும் சாணி அள்ளணும். பி.எச். 7.2-லேர்ந்து 7.8-க்குள்ள நிக்கணும். குளோரின் 3 பி.பி.எம்.முக்குக் கொறையக்கூடாது. பரிசோதனைத் தாளை முக்கிப் பார்த்துக்கினே இருக்கணும். வாரத்துக்கு ஒருக்கா ஃபில்டரைக் கழட்டி அலசணும். வேப்பிலையும் மஞ்சளும் போட்டாப் போதாதான்னு உங்க அத்தை கேட்டா. போதாது. நல்லெண்ணெய் தேய்ச்சுக்கினு எறங்கலாமான்னு நான் கேட்டேன். கூடவே கூடாதாம். எண்ணெய், வேர்வை எல்லாம் போக சோப்புப் போட்டுக் குளிச்சுட்டுத்தான் எறங்கணுமாம். அதாவது, குளிக்கறதுக்கு முன்னாடி குளிக்கணும்!

ஒரு நாள் மறந்தா இன்னா ஆயிடும்னு நெனைக்காதீங்க. 1999-ல நெதர்லாந்துல போவன்கார்ஸ்பெல்னு ஒரு ஊர்ல மலர்க் கண்காட்சி. பார்வைக்கு வெச்ச ஹாட் டப்ல தண்ணி கொப்பளிச்சுக்கினு இருந்துது. பக்கத்துல நடந்து போனவங்க மூச்சுல அந்தத் தூவானம் பூந்து, லெஜியோனெல்லாங்கற கிருமியால 30 பேருக்கு மேல செத்துப்போனாங்க. வெதுவெதுப்பான தண்ணின்னா அந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம். இந்த ஒரு சங்கதியில மட்டும் நான் வெளையாடல.

கரண்டுக்கு வருவோம். 1,200 லிட்டரை 28 டிகிரியிலேர்ந்து 39-க்கு ஏத்த 15 யூனிட் புடிக்கும். 2016-ல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு அறிவிச்சாங்களே, அது ஏழாவது தடவை சூடேத்தறதுக்குள்ள காலி. தனி லைன் இழுத்து, எர்த்து சரியாப் போட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே துண்டிக்கற ஆர்.சி.சி.பி. வெக்கணும். ஈரக்கையும் கரண்டும் சேர்ற எடத்துல காசு மிச்சம் புடிக்கக்கூடாது. கோடையில பம்பு சூடும் வெயிலும் சேர்ந்து தண்ணி தானாவே 40-ஐத் தாண்டும். அப்போ சூடேத்தற தொட்டிக்குக் குளிரூட்டற மிசின் ஒண்ணு வாங்கணும். அதுவும் வாங்குங்க, யாரு கேக்கப்போறா!

15 நிமிசத்துக்கு மேல கெடக்காதீங்க. மாசமா இருக்கற பொண்ணும், நெஞ்சுக் கோளாறு உள்ளவங்களும் டாக்டரைக் கேக்காம எறங்கக்கூடாது. சரக்கு அடிச்சுட்டு எறங்கவே கூடாது. அதை உங்க அண்ணன் காதுல தனியாப் போட்டு வையுங்க. மூடிக்குப் பூட்டு போடுங்க, தெருப்புள்ளைங்க ஏறிப் பார்க்கும். மூடி மேல மழைத்தண்ணி நின்னா டெங்கு கொசு குடும்பம் நடத்தும். அப்புறம் கொசு ஒழிக்க வர்ற மாநகராட்சி ஆளுங்களுக்கு நீங்கதான் காப்பித்தண்ணி குடுத்து பதில் சொல்லணும்.

பழைய தண்ணியை மழைநீர்க் கால்வாயில தொறந்து விட்டுறாதீங்க. நம்ம கீழ்க்கட்டளை ஏரியோட உபரித்தண்ணி நாராயணபுரம் ஏரிக்குப் போயி, அங்கேர்ந்து பள்ளிக்கரணை சதுப்புக்குப் போவுது. 2022-ல ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியல்ல சேர்த்த எடம் அது. ரெண்டு மூணு நாள் மருந்து போடாம மூடியைத் தொறந்து வெச்சு, குளோரின் போனதைச் சோதிச்சுட்டு, அப்புறம் வெளியேத்துங்க.

இத்தினியும் செய்யத் தெம்பிருந்தா நாளைக்கே அட்வான்ஸ் குடுங்க. பாதிப் பணம் என்னோடது. ஆனா அந்தப் பாதியை வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. 2003-ல எல்லா வூட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்து, உங்க வூட்டுலயும் குழாய் வெச்சு, குழியும் தோண்டினாங்க. அந்தக் குழி மண்ணு மூடிக் கெடக்குது. ஐப்பசி மழைக்கு முன்னாடி அதைத் தோண்டி, ஜல்லியைக் கழுவி, திரும்பப் போடணும். ஞாயித்துக்கெழமை காலையில வந்துடுங்க மாப்ளே, மண்வெட்டி நம்ம வூட்டுல ரெண்டு இருக்கு.