டி.கோ துறையாருக்கு ஒரு மனு

அனுப்புநர்: பட்டாசு லேபிள் அச்சடிப்பவன், சிவகாசி, விருதுநகர் மாவட்டம்.
பெறுநர்: லிங்க் சுருக்கும் பிரிவு, எக்ஸ் நிறுவனம் (முன்பு ட்விட்டர்), அமெரிக்கா.
பொருள்: கேட்காமலே லிங்க்கைச் சுருக்குவது – நிறுத்தக் கோருதல் – சம்பந்தமாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆங்கிலத்தில் ஏழெழுத்தாக இருந்த சொந்தப் பெயரையே 2023 ஜூலையில் ஓரெழுத்தாக்கிக் கொண்ட தங்களிடம், சுருக்காதீர்கள் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்தருள வேண்டும்.

முதலில் தங்கள் சேவையின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். 140 எழுத்துக்குள் பேசி முடிக்க வேண்டியிருந்த 2010-ல், போடும் லிங்க்கையெல்லாம் சுருக்கும் டி.கோ-வை அறிவித்தீர்கள். லிங்க்கில் விஷமம் உண்டா என்று பார்த்து அனுப்புவோம் என்றீர்கள். சரி. 2017-ல் 280 எழுத்து ஆனது. சுருக்கல் மட்டும் போகவில்லை. இன்று எதைப் போட்டாலும் 23 எழுத்து என்று கணக்கு. 200 எழுத்து நீளமானதும் 23; யாரோ காசு கொடுத்து வாங்கிய 12 எழுத்துச் சின்ன முகவரியும் 23. குட்டையை இழுத்து நீட்டிவிட்டு அதற்கும் சுருக்கல் என்று பெயர் வைக்கும் நிர்வாகத் திறமை எங்கள் பக்கத்துத் தாலுகா ஆபீஸ்களில்கூடக் கிடையாது.

சிவகாசிக்காரர் போட்ட லிங்க்கைச் சாத்தூர்க்காரர் தட்டினால், கொலம்பியா நாட்டுக்கு ஒதுக்கிய ‘கோ’ என்ற வாலைப் பிடித்துத் தங்கள் கம்ப்யூட்டருக்குப் போய், யார் தட்டினார், எப்போது தட்டினார் என்று வருகைப் பதிவேட்டில் ஏறி, பிறகுதான் சிவகாசி திரும்புகிறது. நடுவில் தங்களுக்கு மனசு சரியில்லை என்றால் கொஞ்சம் நிற்கவும் வேண்டும். 2023 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ், ராய்ட்டர்ஸ், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் லிங்க்குகளெல்லாம் ஐந்து விநாடி போல வாசலில் காத்துக் கிடந்ததை வாஷிங்டன் போஸ்ட் எழுதிய பிறகுதான் கதவு திறந்தது.

நான் லேபிள் தொழிலில் இருப்பவன். ஒரு லட்சுமி வெடி டப்பாவை எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் எது வேண்டுமானாலும் இருக்கலாம். புலி, பூனை, ரோஜாப்பூ, பட்டாசையே தொட்டிராத ஒரு குழந்தை. பக்கவாட்டில் திருப்பினால் கம்பெனிப் பெயர், ஊர், எப்படிக் கொளுத்துவது, எவ்வளவு தள்ளி நிற்பது என்று பொடி எழுத்தில் இருக்கும். பசுமைப் பட்டாசு என்றால் கியூஆர் கோடும் உண்டு. அழகைக் கெடுக்கிறது, எடுத்துவிடு என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது. நாக்பூர் வெடிபொருள் துறை லைசென்ஸ் வாங்கிய பெரிய ஆபீஸுக்கும் அதே சட்டம், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் சின்ன ஆபீஸுக்கும் அதே சட்டம். (இங்கே பட்டாசு ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம், தங்களுடையதும் ஆபீஸ்தானே.) தங்கள் டப்பா மேலோ வெறும் பத்து எழுத்து, பெரிதும் சிறிதுமாக, இடையிடையே எண். உள்ளே கம்பி மத்தாப்பா, அணுகுண்டா என்பது கொளுத்தினால்தான் தெரியும்.

“எங்கள் திரையில் உண்மையான பெயரைக் காட்டுகிறோமே” என்பீர்கள். காட்டுகிறீர்கள். அதே லிங்க்கை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் வருவது டி.கோ-தான். காட்டும் பெயரின் லட்சணத்தையும் 2024 ஏப்ரலில் பார்த்தோம். ட்விட்டர் டாட் காம் என்று எங்கே கண்டாலும் எக்ஸ் டாட் காம் என்று மாற்றிக் காட்டும்படி ஐபோன் செயலிக்குக் கட்டளையிட்டீர்கள். அது ‘நெட்ஃப்ளிட்விட்டர் டாட் காம்’ என்ற முகவரியை ‘நெட்ஃப்ளிக்ஸ் டாட் காம்’ என்று காட்டியது. தட்டினால் போனது என்னவோ நெட்ஃப்ளிட்விட்டருக்கு. குருவி வெடிக்கு லட்சுமி வெடி லேபிள் ஒட்டிய பையனை எங்கள் ஊரில் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்புவார்கள்.

இதெல்லாம் எங்களுக்கு ஏன் உறைக்கிறது என்றால், பட்டாசை ஆன்லைனில் விற்கக் கூடாதென்று 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் தீபாவளி நெருங்கினால் சிவகாசி பேரில் புதுசு புதுசாக இணையக் கடைகள் முளைக்கின்றன. பணம் கட்டியதும் கடையும் இல்லை, போனும் இல்லை. 2024 தீபாவளிக்கு முன் தமிழ்நாடு சைபர் கிரைம் போலீஸாரே எச்சரிக்கை விட்டார்கள். ஏமாந்தவர்கள் 1930-க்குப் போன் போட வேண்டியது. தள்ளுபடியை வைத்துப் போலியைப் பிடிக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் யோசனை சொல்கிறார்கள். நிஜக் கடையே 80 சதவீதத் தள்ளுபடி என்று விலைப்பட்டியல் அடிக்கிற ஊர் ஐயா இது! அடித்துக் கொடுப்பவர்களே நாங்கள்தான். போலிக் கடையில் படம் நிஜம்போலவே இருக்கும். பெயரில் ஓர் எழுத்துத்தான் கூடுதலாக இருக்கும். ஆக, வாங்குகிறவர் உற்றுப் பார்க்க மிச்சமிருப்பது முகவரி ஒன்றுதான். அதையும் தாங்கள் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டால் அவர் எதைப் பார்ப்பார்?

நாளை தாங்கள் சுருக்கும் கடையைச் சாத்தினால் லிங்க்குகளுக்கு என்ன கதி என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. கூகுளின் கூ.ஜிஎல் 2019-ல் புதிதாகச் சுருக்குவதை நிறுத்தியது. பழையவையும் 2025 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு செல்லாது என்று 2024-ல் அறிவித்தது. கெடு நெருங்கியதும், தட்ட ஆளில்லாமல் கிடப்பவை மட்டும் போகும் என்று கொஞ்சம் இறங்கி வந்தது. திரையில் உள்ளதைத் திருத்திக்கொள்ளலாம். அச்சான விசிட்டிங் கார்டையும் பில் புக்கையும் என்ன செய்ய? மறுபடி அடிக்க வேண்டும். அச்சகக்காரனாக எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஆகவே, போடுகிறவர் கேட்டால் மட்டும் சுருக்கவும், மற்றபடி முகவரியை முழுசாக, நகலெடுத்தாலும் மாறாதபடி விடவும் உத்தரவிடக் கோருகிறேன். முடியாதென்றால், தீபாவளிக்கு முன் இங்கே ஆலை ஆலையாக ஏறி இறங்கும் ஆய்வுக் குழுவைத் தங்கள் ஆபீஸுக்கும் அனுப்பிவைக்கச் சம்மதமாவது தாருங்கள். வழிச்செலவு தங்களுடையது, காராச்சேவு சாத்தூரிலிருந்து நாங்கள் கொடுத்தனுப்புகிறோம்.

இப்படிக்கு,
லேபிள்காரன்

நகல்: கொலம்பியா நாட்டுத் தூதரகம், புது டெல்லி – தகவலுக்காக.