பலகை இல்லாத இடங்கள்

கேள்வி: இலங்கைப் போர் நடந்த இடங்களைப் பார்க்கப் போகிறேன். எங்கே தொடங்கலாம்?
– ஒரு வாசகர், ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை

பதில்: யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் தொடங்குங்கள். 1981 மே 31 இரவு வைத்த தீயில் சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. திரும்பக் கட்டி 2003-இல் திறந்தார்கள். வெள்ளைக் கட்டடம், வாசலில் சரஸ்வதி. படிக்கிற பிள்ளைகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் பாருங்கள்.

யானையிறவில், 1991 சண்டையில் புலிகள் ஓட்டிவந்த கவச புல்டோசரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைத் தடுத்து உயிர்விட்ட சிப்பாய்க்குச் சிலையும் உண்டு. வென்றவர்களுக்குப் பலகை எழுத அரசாங்கம் இருக்கிறது. கோப்பாயிலோ, இறந்த புலிகளைப் புதைத்த துயிலும் இல்லத்தை இடித்து, அதன்மேலேயே ராணுவ முகாம் கட்டினார்கள். பெற்றவள் பூ வைக்க ஒரு கல் கூட மிச்சமில்லை. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

கிரிவலத்தில் எட்டு லிங்கத்திலும் நின்று கும்பிடும் ஊர்க்காரர் நீங்கள். அங்கேயும் அப்படி நின்று நின்று போங்கள். பலகை இல்லாத இடத்தில் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். போர் முடிந்த மே 18-ஐ ஒட்டிப் போனால், கடைசி நாட்களில் மக்கள் குடித்ததன் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுப்பார்கள்: அரிசி, தண்ணீர், உப்பு. வாங்கிக் குடியுங்கள். செல்போனைப் பைக்குள் வையுங்கள்.