பல் பிடித்துப் பார்க்கும் விமானம்

ஈரோட்டில் விமான நிலையம் கிடையாது. பறக்க வேண்டுமானால் கோவை பீளமேட்டுக்கோ சேலம் காமலாபுரத்துக்கோ போக வேண்டும். ஆனால் பறக்காத விமானம் விற்கிற சந்தைக்கு நம்மூர்க்காரரை அனுப்பிப் பாருங்கள், அரை மணியில் வித்தை பிடிபட்டுவிடும்.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் கூடும் ‘ஏர்லைனர்ஸ் இன்டர்நேஷனல்’ அப்படியொரு சந்தை. பழைய மாதிரி விமானங்கள், கால அட்டவணைகள், இருக்கைப் பையில் செருகியிருக்கும் பாதுகாப்பு அட்டைகள்கூட அங்கே சரக்கு. 70 மீட்டர் நீளமுள்ள போயிங் 747, நானூறில் ஒரு பங்காகச் சுருங்கி ஒரு சாணுக்கும் குறைவாக நிற்கும். வாங்க வந்தவர் அதைத் தலைகீழாகத் திருப்பிச் சக்கரத்தை எண்ணுவார், வாலைத் தடவுவார், வண்ணம் உதிர்ந்திருக்கிறதா என்று உற்றுப் பார்ப்பார். ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பதும் இதேதான். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவது மட்டும்தான் பாக்கி.

நம்மவர் கேட்பார்: “ஏனுங்க, இது பறக்குங்களா?”

“பறக்காதுங்க.”

“அப்புறம் எதுக்குங்க இத்தனை விலை?”

“பழைய அட்டைப்பெட்டியோட இருக்குதுங்க!”

ஆமாம், பெட்டி தொலைந்தால் மதிப்பும் இறங்கிவிடும். கன்றுக்குட்டிக்குக் கயிறு இலவசம். இங்கே கயிற்றுக்குத்தான் காசு.

மாதிரி விமானம் போகட்டும், நிஜ ஏர் இந்தியாவை 1953இல் அரசு டாட்டாவிடமிருந்து எடுத்துக்கொண்டது, 2022இல் டாட்டாவிடமே திருப்பிக் கொடுத்தது. அந்தப் பேரத்தில் மட்டும் பெட்டி பத்திரமாக இருக்கிறதா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.