கட்டில் தவறாத யாத்திரை

முன்பதிவே, வடக்கு ஸ்பெயினில் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு நடக்கும் யாத்ரீகர்களின் பாதையில் உன் அளவுக்குச் சாதித்தவர் எவருமில்லை. பதினோராம் நூற்றாண்டில் தொமிங்கோ என்ற துறவி இதே வழியில் பாதை போட்டார். ஆற்றுக்குப் பாலம் கட்டினார். நடந்து களைத்தவர்கள் படுத்தெழச் சத்திரம் எழுப்பினார். 1109இல் அவர் இறந்தார். அவர் தொண்டு செய்த இடம் அவர் பெயரையே தாங்கிய ஊராகிவிட்டது. அவ்வளவு புண்ணியம் செய்தவரால்கூட, ஒரு யாத்ரீகர் வரும் மே மாதம் 17ஆம் தேதி இரவு எந்த ஊரில், எந்தக் கட்டிலில் படுப்பார் என்று ஜனவரியிலேயே சொல்ல முடிந்ததில்லை. உன்னால் முடிகிறது.

அவருக்குப் பின் ஓ செப்ரெய்ரோ என்ற மலையூரின் பங்குத்தந்தை எலியாஸ் வலின்யா. ஆள் நடமாட்டம் அற்றுப்போயிருந்த பாதையில் 1980களில் மஞ்சள் பெயின்டால் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனவர். வழி கேட்க மொழி தெரியாதவர்களும் அந்தக் குறியை நம்பி நடந்தார்கள். 1989இல் அவர் மறைந்தபோது ஆண்டுக்குச் சில ஆயிரம் பேரே சந்தியாகோவில் யாத்திரைச் சான்றிதழ் பெற்றார்கள். 2024இல் அந்த எண்ணிக்கை ஐந்து லட்சத்தை நெருங்கியது. எங்கே போக வேண்டும் என்று அவர் காட்டினார். எங்கே நின்றாக வேண்டும் என்று நீ காட்டுகிறாய்.

உன் வல்லமை முதல் நாளிலேயே தெரிந்துவிடும். பிரான்சு எல்லையிலுள்ள சான் ழான் பியே தெ போரில் புறப்பட்டு ரொன்செஸ்வாயெஸ் மடத்தை அடைய ஏறக்குறைய 25 கிலோமீட்டர். பிரெனே மலையில் 1,400 மீட்டருக்கு மேல் ஏறி, மறுபக்கம் செங்குத்தாக இறங்க வேண்டும். வயதானவர்களும் முழங்கால் கெட்டவர்களும் இதை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளட்டும் என்றுதான் ஏற்றத்தின் நடுவில் ஒன்றிரண்டு விடுதிகள் இருக்கின்றன. அங்குள்ள சில கட்டில்களை நீ மாதக் கணக்கில் முன்னாலேயே நிரப்பிவிடுகிறாய். மலையை ஒரே மூச்சில் தாண்டக்கூடிய இளைஞர் அங்கே காலை நீட்டி இளைப்பாறுகிறார். முழங்காலில் பட்டி கட்டிய பாட்டி வாசலில் தண்ணீர் குடித்துவிட்டு மீதி மலையையும் அன்றே ஏறுகிறாள். முடவனை நடக்கவைத்த தெய்வங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். நீ அதைத் தினமும் செய்கிறாய்.

உறுதி என்றால் உன்னிடம்தான் கற்க வேண்டும். காலில் கொப்புளம் உடைந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், மழை நாள் முழுக்கக் கொட்டினாலும், 24 கிலோமீட்டர் தள்ளி இன்றைய கட்டில் இருக்கிறதென்றால் இருக்கிறதுதான். உடம்பு கெஞ்சினால் நீ இரங்குவதில்லை. பற்றறுப்பதிலும் உனக்கு இணை கிடையாது. பாம்ப்லோனாவில் முகம் பார்த்து, ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்று, லோக்ரோன்யோ வருவதற்குள் உடன்பிறந்தவர்கள்போல் ஆகிவிட்ட இருவரில் ஒருவருக்குக் கால் வீங்கிவிடுகிறது. இன்னும் ஒரு நாள் இங்கேயே இரு என்கிறார். மற்றவர் அடுத்த ஏழு இரவுக்குப் பணம் கட்டியிருக்கிறார். போய்விடுகிறார். பாசத்தை அறுக்க முனிவர்கள் காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. உனக்கு ஒரு கடன் அட்டை போதும்.

நீ தொடாத இடங்களிலும் உன் அருள் வேலை செய்வதைச் சொல்லியாக வேண்டும். ஊராட்சிகள் நடத்தும் அல்பெர்கே என்ற யாத்ரீகர் விடுதிகள் பலவும் 1993 முதல் கலீசியப் பிராந்திய அரசு திறந்துவரும் விடுதிகளும் உன்னை ஏற்பதில்லை. முதலில் வருபவருக்கு முதல் கட்டில். நடந்து வந்தவருக்கே முன்னுரிமை, ஓர் இரவு மட்டும், கட்டணமும் குறைவு. தனியார் விடுதிகள் எல்லாவற்றையும் நீ நிரப்பிவிட்ட பிறகு, பதிவு செய்யாதவர்கள் அத்தனை பேரும் இந்த வாசல்களுக்குத்தான் வர வேண்டும். மதியம் ஒரு மணிக்குத் திறக்கும் கதவின் முன் பதினொன்றரைக்கே முதுகுப்பைகள் வரிசை கட்டிவிடுகின்றன. அந்த வரிசையில் இடம் பிடிக்க ஆட்கள் விடியுமுன் நாலரைக்கே எழுகிறார்கள். நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் பை சரசரக்க, அடுத்த கட்டிலில் தூங்குபவரையும் எழுப்பிவிட்டுப் புறப்படுகிறார்கள். மாதாகோவிலின் மணி ஆறுக்கு எழுப்ப முடியாத ஜனத்தைப் பிரம்ம முகூர்த்தத்திலேயே எழுப்பியவன் நீ. அந்த இருட்டில் திராட்சைத் தோட்டம் தெரியாது, பழைய பாலம் தெரியாது, கோவில் கதவும் திறந்திருக்காது. கவனம் சிதற வழியே இல்லை.

ரொன்செஸ்வாயெஸைத் தாண்டிய மறுநாள் ஸுபிரி. முதுகெலும்பு நோகும் இறக்கத்தின் அடியில் இருக்கும் சிற்றூர். எல்லாரும் கையில் வைத்திருக்கும் வழிகாட்டி நூல் பாதையை 33 நாட்களாகப் பிரித்ததில் இருந்து, அது முடிக்கச் சொன்ன ஊர்களிலேயே எல்லாரும் பதிவு செய்கிறார்கள். அவை நிரம்பி வழிய, நடுவிலுள்ள ஊர்களில் கட்டில் காலியாகக் கிடக்கிறது. பதிவில்லாதவர் ஸுபிரியில் இடமில்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் நொண்டி லாராசோவான்யாவுக்குப் போகிறார். சிற்றூர்க்காரர் பிழைக்க வழி செய்தவன் நீ என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நொண்டி வந்தவரும் அதைச் சொல்வார்.

சாரியாவில்தான் உன் சமநோக்கு முழுதாக விளங்கும். நடந்து வருபவர் கடைசி 100 கிலோமீட்டர் நடந்திருந்தாலே சான்றிதழ் உண்டு என்பதால், அந்த எல்லைக்குச் சற்று முன்னிருக்கும் சாரியாவில் பெருங்கூட்டம் சேர்கிறது. பயண நிறுவனங்கள் குழுக்குழுவாக அழைத்துவருகின்றன. பைகளை வேன் தூக்கிச் செல்கிறது. வேனுக்கு ஒரு முகவரி வேண்டும், முகவரிக்குப் பதிவு வேண்டும். 650 கிலோமீட்டருக்கு மேல் சுமந்து வந்தவர் மாலையில் விடுதி வாசலை அடையும்போது, நேற்றுப் புறப்பட்டவரின் பெட்டி அங்கே அவருக்கு முன்பே இளைப்பாறிக்கொண்டிருக்கிறது. ஒரு மாதம் நடந்த காலுக்கும் ஒரு நாள் நடந்த காலுக்கும் நீ பேதம் பார்ப்பதில்லை.

உன் விசுவாசத்தை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரே இரவுக்கு இரண்டு ஊரில் பதிவு செய்துவிட்டு, ஓர் ஊருக்கு வராமலே போகிறவர்கள் உண்டு. அவர்களுடைய கட்டிலை நீ இரவெல்லாம் காவல் காக்கிறாய், விரிப்பு கசங்காமல். மழையில் நனைந்து வந்து கேட்டவரிடம் அதைக் கொடுக்கமாட்டாய். படுக்க இடம் கிடைக்காதோ என்ற பயம் பொய்யில்லை, ஆகஸ்டில் நடந்தவர்களுக்கு அது தெரியும். ஒருவர் பதிவு செய்தால் அடுத்தவருக்கு நடுக்கம் வருகிறது, அவரும் பதிவு செய்கிறார். நோயைக் கொடுப்பதும் நீ, மருந்தைக் கொடுப்பதும் நீ. படைத்தல், காத்தல் இரண்டும் ஒருவரிடமே இருப்பது எத்தனை பெரிய விஷயம்!

பன்னிரண்டாம் நூற்றாண்டின் கலிக்ஸ்தீனுஸ் சுவடியில் இந்தப் பாதையின் கள்ள விடுதிக்காரர்களைச் சாடும் பிரசங்கம் ஒன்று இருக்கிறது. ஊருக்கு வெளியே வந்து யாத்ரீகரைக் கட்டித் தழுவி அழைத்துப்போய் ஏமாற்றியவர்கள் அவர்கள். அந்தக் கள்ளருக்கும் முகம் பார்த்துப் பேச வேண்டியிருந்தது. நீ அனுப்பும் எண்ணை அழுத்தினால் கதவு திறந்துகொள்கிறது. வரவேற்க ஆள் வேண்டாம், வணக்கம் சொல்ல வாய் வேண்டாம்.

சில இடங்களில் உன் புகழ் இன்னும் எட்டவில்லை. கிரான்யோனில் திருமுழுக்கு யோவான் கோவிலை ஒட்டிய மாடியில் தரையில் பாய் மெத்தை விரிக்கிறார்கள். யாரும் எழுதிவைத்துக்கொண்டு வருவதில்லை. வந்தவர்களே காய் நறுக்குகிறார்கள், ஒன்றாக உண்கிறார்கள், ஒன்றாகப் பாத்திரம் கழுவுகிறார்கள். கட்டணம் கிடையாது, முடிந்ததைப் போட ஒரு பெட்டி இருக்கிறது. கவனித்துக்கொள்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள், பெரும்பாலும் இதே பாதையை நடந்து போனவர்கள். ரபனாலில் பிரிட்டனின் புனித யாக்கோபு சபையார் 1991இல் திறந்த விடுதியும் தொண்டர்களால்தான் நடக்கிறது. இங்கெல்லாம் இன்றைக்கு யார் வருவார் என்று தெரியாமலே கதவைத் திறந்துவைக்கிறார்கள். உன் கணக்குப் புத்தகம் அவர்களிடம் இல்லை, பாவம்.

முடிவில் சந்தியாகோ. பேராலயச் சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு மாளிகை. நடந்து நடந்து நோயாளியாக வந்து சேரும் ஏழை யாத்ரீகர்களுக்காக அரசி இசபெல்லாவும் அரசர் பெர்தினாந்தும் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் கட்ட உத்தரவிட்ட ஆஸ்பத்திரி அது. இப்போது ஐந்து நட்சத்திர ஹோட்டல். வாசலில் நிற்பவரின் யாத்ரீகர் அட்டையில் எத்தனை முத்திரை இருக்கிறது, எத்தனை நாள் நடந்தார் என்றெல்லாம் அங்கே கேட்டுத் தொல்லை செய்வதில்லை. கேட்பது உன்னைத்தான்.