கடைசி ஏத்தம்

நுவரெலியாப் பக்கத்தில் சைக்கிள் கைடு என்றொரு புது இனம் உருவாகியிருக்கிறது. பிறப்பு தோட்டத்து லயத்தில். உடம்பில் இருப்பதோ, போன சீசனில் வந்த ஜெர்மன்காரர் ஊர் திரும்பும்போது கழற்றிக் கொடுத்த ஜெர்சி. அதன் முதுகில் எழுதியிருப்பது எந்த ஊர் கிளப் என்று அவனுக்குத் தெரியாது. எத்தனை அலசினாலும் சாயம் போகாது என்பது மட்டும் தெரியும்.

ஒரு டசின் வெள்ளைக்காரர்களைக் கண்டியிலிருந்து கம்பளை, புஸ்ஸல்லாவை, ரம்பொடை வழியாக, 1868 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் நுவரெலியாவுக்குச் சைக்கிளில் ஏற்றிவிடுவது அவன் தொழில். தண்ணீர், வாழைப்பழம், பஞ்சர்ப் பெட்டி சகிதம் பின்னாலேயே ஒரு வேன் ஊர்ந்து வரும். அந்த வேனில் ஏறாமல் இருப்பதற்குத்தான் அவர்கள் அத்தனை காசு கட்டியிருக்கிறார்கள்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் அவனுடைய அப்பாயிக்கு இன்னும் பிடிபடவில்லை. காலமெல்லாம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறியவள். நாட்சம்பளம் 1000 ரூபாவாக வேண்டுமென்று தோட்டமே வருஷக்கணக்கில் கத்தி, 2021இல்தான் கிடைத்தது என்பதைப் பார்த்தவள். "மலை ஏறுனா நமக்குக் காசு குடுப்பாங்க. இவங்க ஏறிட்டு இவங்களே குடுக்குறாங்களா? யாருடா அந்தக் கணக்கப்பிள்ளை?" என்கிறாள்.

அவனுடைய மூலதனம் கால் அல்ல, வாய். குறிப்பாக ஒரே ஒரு வாக்கியம்: "இதுதான் கடைசி ஏத்தம்." இதை எங்கே சொல்வது என்பதில் இருக்கிறது கலை. வளைவுக்கு ரொம்ப முன்னால் சொன்னால் நம்ப மாட்டார்கள். வளைவிலேயே சொன்னால் அடுத்த ஏற்றம் கண்ணில் பட்டுவிடும். ஆகவே சரியாக நாக்கு வெளியே தள்ளும் இடத்தில் சொல்வான். வளைவு திரும்பியதும் பொய் அம்பலமாகும். ஆனால் அதற்குள் ஒரு வளைவு கடந்தாயிற்றே, அது லாபம்! அவனுடைய அகராதியில் 'சமதரை' என்றால் இறங்கித் தள்ளத் தேவையில்லாத இடம். 'லேசா ஏறி இறங்கும்' என்று அவன் சொன்னால் இன்சூரன்ஸ் அட்டையைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது.

சின்ன வயதில் இதே பாதையில் பூ விற்றவன்தான். மலையிறங்கும் காரில் இருப்பவர்கள் முதல் வளைவில் பூங்கொத்து வேண்டாம் என்பார்கள். பையன் குறுக்குப் பாதையால் உருண்டு புரண்டு ஓடி, அடுத்த வளைவில் அதே பூவோடு நிற்பான். நாலாவது வளைவில் பாவம் பார்த்து வாங்குவார்கள். இப்போதைய பூக்காரப் பையன்களுக்குச் சைக்கிள் கூட்டம் என்றால் கொண்டாட்டம். ஓடவே வேண்டாம், பக்கத்தில் நடந்தால் போதும். மூச்சு வாங்குகிறவரால் 'வேண்டாம்' என்று சொல்லவும் முடியாது.

வழியில் வரலாற்று வகுப்பும் உண்டு. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது, இலைநோய் வந்து கோப்பி அழிந்தது எல்லாம் ஒப்பிப்பான். யாராவது ஒரு அம்மா, "உங்கள் முன்னோர்கள் எப்படி இங்கே வந்தார்கள்?" என்று கேட்பார். "கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு. நடந்து" என்பான். கூட்டம் கப்சிப். அதற்குப் பிறகு ரெண்டு கிலோமீட்டருக்கு ஒருவர்கூட வேன் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. சோர்ந்த காலுக்கு இதைவிட நல்ல டானிக் இல்லை என்று கண்டுகொண்டதிலிருந்து, அந்தப் பாடத்தை லபுக்கலை ஏற்றத்துக்குச் சற்று முன்னால் மாற்றி வைத்துவிட்டான். பாட்டன் பூட்டன் பட்ட பாடு பேரனுக்கு இப்படியாவது உதவுகிறது.

வாடிக்கையாளரைப் பற்றிய நிஜமான அபிப்பிராயங்களை வேன்கார அண்ணனிடம் தமிழில் சொல்வது அவன் வழக்கம். இதில் ஒருநாள் மாட்டிக்கொண்டான். லண்டனிலிருந்து வந்த கூட்டத்தில் பச்சை ஜெர்சி போட்ட ஒருவர் வெயிலில் கறுத்த இத்தாலியர்போல இருந்தார். லபுக்கலைக்குக் கீழே சைக்கிள் பாம்பாக நெளியத் தொடங்கியது.

"அண்ணே, பச்சைச் சட்டை ஐயா முடிஞ்சாரு. பின்கதவத் தொறந்து வைங்க."

பச்சைச் சட்டை சைக்கிளை விட்டு இறங்கியது. "முடிஞ்சனான் எண்டு எனக்கும் தெரியும் தம்பி. கெதியாக் கதவைத் திறவுங்கோ."

யாழ்ப்பாணத்துக்காரர்! வேனில் ஏறி ரெண்டு வாழைப்பழம் உள்ளே போனபிறகு விளக்கமும் தந்தார்: "நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சைக்கிளிலைதான் போய் வந்தனான். எங்கட பக்கத்திலை நிலம் இப்பிடி எழும்பி நிக்காது கண்டியளோ." அன்றிலிருந்து நம் ஆள் குழுவின் பெயர்ப்பட்டியலை ஒருமுறை வாசித்துப் பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை.

மறுநாள் பயணம் ஹட்டனுக்கு. நுவரெலியாவைவிட அது ஏறத்தாழ 600 மீட்டர் தாழ்வு என்பதால், "நாளைக்கு முழுக்க இறக்கம்" என்று ராத்திரிச் சாப்பாட்டில் அறிவிப்பான். கைதட்டல் பலமாக இருக்கும். தலவாக்கலை தாண்டிக் கொட்டகலைக்கு ஏறும் சங்கதியைக் காலை வெளிச்சத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

கூட்டத்தை ஹோட்டலில் இறக்கியதும் தன் சைக்கிளைத் தூக்கி வேனில் போட்டு, முன் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு லயத்துக்குப் புறப்படுவான். மூன்று கிலோமீட்டர்தானே, மிதித்துப் போனால் என்ன என்று யாராவது கேட்டால், உண்மையிலேயே புரியாதவனாக முழிப்பான்:

"சும்மாவா?"